எந்த வாயிலைக் காப்பாள்?



நாடகக் குழுவில் வேடம் பங்கிடும் வேளையில் மன்னனாக வேண்டும் என்பார் பலர். தளபதியாக வேண்டும் என்பார் சிலர். வில்லனாக வருவதற்குக்கூட ஆள் முந்தும். வாயிற்காப்போன் வேடத்துக்கு மட்டும் ஆள் கிடைக்காது. "மன்னர் மன்னா! தங்களைக் காண ஒரு பெண் வந்திருக்கிறாள்!" என்ற ஒரே ஒரு வரி. பிறகு திரை விழும்வரை ஈட்டியைப் பிடித்தபடி நிற்கவேண்டும். நான் நின்றிருக்கிறேன். கல்லூரி ஆண்டு விழாவிலே எனக்குக் கிடைத்தது அந்த வேடந்தான். அந்த ஆண்டோடு கல்லூரியை விட்டு வெளியேறினேன். பட்டம் கிடைக்கவில்லை; ஈட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்; வரி மட்டும் நெஞ்சிலே தங்கிவிட்டது.

எனினும் எண்ணிப் பாருங்கள். கண்ணகி நீதி கேட்டு வந்து நின்றது எங்கே? கொலுமண்டபத்திலா? இல்லை, கோட்டை வாயிலிலே! அங்கே நின்ற காவலன் அவளை விரட்டியடித்திருந்தால் வழக்கு ஏது, தீர்ப்பு ஏது, சிலப்பதிகாரந்தான் ஏது? ஓர் அரசின் முகத்தை அரியணையில் தேடுவதைவிட அதன் வாயிலிலே தேடுவது நல்லது. யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதில் அந்த முகம் பளிச்செனத் தெரியும்.

இன்று என்னை எழுதத் தூண்டியவர்கள் இரண்டு பெண்கள். இருவருமே வாயில் காப்போர். இருபத்துநான்கு அடி அகலம், எட்டடி உயரம் கொண்ட கால்பந்துக் களத்தின் கோல் வாயிலைக் காப்போர்.

ஒருத்தியைக் கண்டது கல்வராயன் மலையில். சென்ற கார்த்திகையில் கள்ளக்குறிச்சிக் கூட்டத்தை முடித்துக்கொண்டு மறுநாள் காலை மலையேறினேன். கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையின் நீர்ப்பரப்பைப் பக்கத்திலே விட்டு, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் வெள்ளிமலைக்குப் போகும் வழி. மரவள்ளிக் கொல்லைகளும் கடுக்காய் மரங்களும் மாறி மாறி வந்தன. ஒரு பள்ளிக்கூடத்தின் அருகே வண்டி நின்றது. ஓட்டுநருக்குத் தேநீர் வேண்டும். எனக்குக் கால் நீட்ட வேண்டும்.

பள்ளி மைதானம் என்று அதைச் சொல்வது மரியாதைக்காக. சரளைக்கல் பரந்த மேட்டுநிலம். இரண்டு பாறாங்கற்கள், அவைதாம் கோல் கம்பங்கள். நடுவே பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கையுறை இல்லை. கிழிந்த துண்டைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து உள்ளங்கையில் சுற்றியிருந்தாள். எதிரே நெட்டைப் பையன் ஒருவன் பந்தை உதைத்தான். இடப்பக்கம் பாய்ந்தாள். சரளைமேல் முழங்கை தேய்ந்தது. பந்து நெஞ்சோடு இருந்தது. எழுந்தாள், பந்தை வீசினாள், மறுபடி நின்றாள். வலிக்கிறதா என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. அப்படியொரு கேள்வி இருப்பதாகவே அவள் அறிந்தவளாகத் தெரியவில்லை.

மற்றவரை நான் நேரில் கண்டதில்லை. முதல்நாள் இரவு கள்ளக்குறிச்சி விடுதியிலே உறக்கம் வராமல் புரட்டிக்கொண்டிருந்த செய்திகளிலே கண்டேன். சஃபியா மிடில்டன்-பட்டேல். 2004இல் பிறந்தவர். மான்செஸ்டர் யுனைடெட் மகளிர் அணியின் கோல் கீப்பர். பட்டேல் என்ற பெயர் எந்த மண்ணிலே முளைத்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இந்திய வேர், இங்கிலாந்துப் பிறப்பு, ஆடுவதோ வேல்சு நாட்டுக்கு! 2025 சூலையில் சுவிட்சர்லாந்திலே நடந்த ஐரோப்பிய மகளிர் போட்டியில், பிரான்சை எதிர்த்து வேல்சின் வாயிலிலே நின்றார். 4–1 என்று வேல்சு தோற்றது. தோல்விதான். ஆனால் அதுதான் வேல்சு மகளிர் அணி நுழைந்த முதற் பெரும் போட்டி. அந்த மேடையிலே, இருபது வயதில், வல்லரசு ஒன்றின் அம்புகளுக்கு முன் நின்ற வாயிற்காப்பாளர் அவர்.

ஒருவருக்கு எப்படி ஐயா இத்தனை நாடு என்று கேட்பீர்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டு ஒன்றுதான். ஆனால் அதைக் கையிலே வைத்திருப்பவர்க்கு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து என்று நான்கு அணிகள். தான் பிறந்த மண், தாய் தந்தை பிறந்த மண், பாட்டன் பாட்டி பிறந்த மண் ஆகியவற்றிலே ஏதேனும் ஒன்று அங்கே இருந்தால் போதும். ஃபிஃபா என்னும் உலகக் கால்பந்து அமைப்பின் விதி இது. 2020இல் அந்த விதியை இன்னும் சற்றுத் தளர்த்தினார்கள். இளம் வயதில், இருபத்தொன்று நிறையுமுன், மூன்று ஆட்டங்களுக்கு மேற்படாமல் ஆடியவர், மூன்றாண்டு கழித்து வேறு நாட்டுக்கு மாறலாம். ஆனால் உலகக் கோப்பையிலோ கண்டத்தின் இறுதிச் சுற்றிலோ ஒருமுறை களமிறங்கிவிட்டால் கதவு மூடியதுதான், பிறகு திறவாது. சாண்டி மெக்கைவர் என்ற கோல் கீப்பர் 2021இல் இங்கிலாந்துக்காக ஒரே ஒரு நட்பு ஆட்டம் ஆடினார். பின்னர் ஸ்காட்லாந்தின் கோல் கீப்பரானார். நாட்டுத் துரோகி என்று எவரும் அவரைத் தூக்கிலிடவில்லை.

சஃபியா இந்தியாவுக்கு ஆட விரும்பினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் நெஞ்சம் வேல்சிலே இருக்கிறது, இருக்கட்டும், வாழ்க! நான் கேட்பது வேறு. அப்படி ஒரு பட்டேலோ, பாண்டியனோ, செல்வியோ, சுந்தரியோ, கடல் கடந்த மண்ணிலே பிறந்த நம்மவள் ஒருத்தி, "பாட்டி பிறந்த நாட்டுக்கு ஆடுகிறேன்" என்று வந்து நம் வாயிலிலே நின்றால், நம் காவலன் என்ன சொல்வான்?

"கடவுச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வா" என்பான்.

மிகைப்படுத்தவில்லை, தோழரே. அரசமைப்பின் 9ஆம் பிரிவும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமைக்கு இடமளிக்கவில்லை. 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்' என்று ஓர் அட்டை தருகிறார்கள். பெயரிலே 'குடிமகன்' உண்டு, உரிமையிலே இல்லை. வாக்குச்சீட்டும் இல்லை, விளையாட்டுச் சட்டையும் இல்லை! சர்க்கரை என்று தாளில் எழுதித் தந்து நக்கச் சொல்லும் வித்தை இது.

முன்பு இவ்வளவு இறுக்கம் இருந்ததில்லை. சென்னை தந்த டென்னிசு வீரர் விசய் அமிர்தராசின் மகன் பிரகாசு, அமெரிக்கக் குடிமகனாகவே இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் ஆடினார். அமெரிக்காவிலே பிறந்த சுனிதா ராவ் 2008 பெய்சிங் ஒலிம்பிக்கில் சானியா மிர்சாவுக்குத் துணையாக நின்றார். அந்த ஆண்டின் இறுதியிலே வந்தது ஆணை: இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதோர் இந்தியாவுக்கு ஆடக்கூடாது! ஸ்குவாஷ் வீரர் ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அரசின் முடிவு செல்லும் என்று 2010இல் தீர்ப்பாயிற்று.

துணிந்து வந்தோரும் உண்டு. சப்பானில் பிறந்த இசுமி அராட்டா 2012இல் அந்நாட்டுக் குடியுரிமையைத் துறந்து இந்தியரானார். அடுத்த ஆண்டே இந்தியச் சட்டை அணிந்தார். ஆஸ்திரேலியாவுக்கே ஆடிய ரயான் வில்லியம்சு, மும்பையிலே பிறந்த தாயின் மகன், 2025 நவம்பரில் இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றார். இருவரையும் போற்றுகிறேன். ஆனால் இருவரும் தொழில்முறை ஆட்டத்திலே ஊன்றி நின்ற ஆடவர். மகளிர் கால்பந்தின் வருவாய் என்ன, இருபது வயதுப் பெண்ணொருத்தி தன் படிப்பையும் பணியையும் குடும்பத்தையும் பிணைத்து வைத்திருக்கும் குடியுரிமையைத் துறந்து எதைப் பெறுவாள் என்று எவரேனும் கணக்குப் பார்த்ததுண்டா?

மற்ற நாடுகள் கணக்குப் பார்த்தன. பிலிப்பைன்சு 2003இல் சட்டம் இயற்றிற்று: அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றோரும் தம் பழைய குடியுரிமையை மீட்டுக்கொள்ளலாம் என்று. இருபது ஆண்டு கழித்து, 2023 மகளிர் உலகக் கோப்பையில், போட்டியை நடத்திய நியூசிலாந்தை அவர்கள் மண்ணிலேயே 1–0 என்று பிலிப்பைன்சு வீழ்த்தியது. கோல் வாயிலிலே நின்றவர் கலிபோர்னியாவில் பிறந்த ஒலிவியா மெக்டேனியல். அதே போட்டியில் சிறு தீவான சமைக்கா, பிரான்சையும் பிரேசிலையும் கோல் போட விடாமல் தடுத்தது. குழுச் சுற்று முழுதும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. வாயிலில் நின்றவர் இலண்டனில் பிறந்த ரெபெக்கா ஸ்பென்சர். அயர்லாந்து அந்த உலகக் கோப்பைக்குள் நுழைந்ததே ஒரு கோல் கீப்பரின் கையால். 2022 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் பெனால்டியைத் தடுத்தவர் கோர்ட்னி பிராசுனன். பிறந்தது அமெரிக்காவின் நியூ செர்சி!

ஏன் கோல் கீப்பர்களாகவே வருகிறார்கள் என்று எனக்கும் ஒரு வியப்பு. காரணம் எளிது. அணிக்குப் பதினொருவர், வாயிலிலே ஒருவர்தாம். பெரிய நாட்டில் மூன்றாவது கோல் கீப்பராக இருப்பவர் பல்லாண்டு பெஞ்சிலேயே அமர்ந்து மூப்படைவார். சிறிய நாட்டிலோ அவரே கோட்டைக் காவலர். பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் வேறெவரைக் காட்டிலும் கோல் கீப்பருக்குத்தான் உயிர்ச் சான்றிதழ்!

"நாட்டுப்பற்றை விலைபேசலாமா?" என்று இங்கே ஒரு குரல் எழும். எழட்டும். அந்தக் குரலுக்குரியவரிடம் ஒரு தேதியை நினைவூட்டுகிறேன். 1964 அக்டோபர் 30. சிறீமாவோ–சாத்திரி ஒப்பந்தம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாகக் குருதி சிந்திய தமிழர் 9,75,000 பேரை இரண்டு தலைநகரங்கள் பங்கிட்டுக்கொண்டன. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒத்திவைத்தனர், ஏதோ மீந்த சாக்கு மூட்டையைப் போல! எந்த நாடு வேண்டும் என்று முதலிலே அந்த மக்களைக் கேட்டார்களா? அன்று அரசுகள் மக்களைத் தேர்ந்தெடுத்தன. இன்று ஒரு பெண் அரசைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் கற்பு கெட்டுவிடுமா?

இன்னொரு காட்சியும் உண்டு. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று 2021இல் பெயர் மாற்றினோமே, அந்த முகாம்களிலே இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே ஓடி ஆடும் பிள்ளைகள். 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அண்டை நாடுகளிலிருந்து வந்தோர் சிலருக்குக் கதவு திறந்தபோது இலங்கையின் பெயரை விட்டுவிட்டது. அவர்களின் உறவினர் பிள்ளை ஐரோப்பாவிலே பிறந்திருந்தால் கதை வேறு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன் விமல் யோகநாதன் வேல்சிலே பிறந்தார். பார்ன்ஸ்லி அணியிலே ஆடுகிறார். வேல்சின் இளையோர் அணிச் சட்டையையும் அணிந்தார். சஃபியாவை அணைத்துக்கொண்ட அதே வேல்சு! ஒரே கடலிலே கிளம்பிய படகுகள். ஒன்று கரைசேர்ந்த இடத்தில் தேசிய அணி, மற்றொன்று கரைசேர்ந்த இடத்தில் வருகைப் பதிவேடு.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வாயிலைத் திறக்கவேண்டும். விளையாட்டுத் துறையின் ஆணையை மாற்றினால் மட்டும் போதாது; அட்டையை ஃபிஃபா குடியுரிமையாக ஏற்காது. குடியுரிமைச் சட்டத்திலேயே இரட்டைக் குடியுரிமைக்கு ஒரு சாளரமேனும் அமைக்கவேண்டும்.

இதை எழுதிய கை இங்கே சற்றுத் தயங்குகிறது. கல்வராயன் மலையிலே துண்டு சுற்றிய அந்தக் கைகள் நினைவுக்கு வருகின்றன. பிலிப்பைன்சின் வெற்றியைப் பாடினேனே, அந்த அணியிலே பெரும்பாலோர் அமெரிக்காவில் பிறந்தவர்கள். நாளை நம் வாயில் திறந்ததும், இலண்டன் புல்வெளியிலே விளைந்த வீராங்கனையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "பார்! இந்தியா வளர்ந்துவிட்டது!" என்று கை தட்டுவோமா? அப்படித் தட்டினால், அயலார் வீட்டு அடுப்பிலே வெந்த சோற்றை நம் வீட்டு இலையிலே போட்டுக்கொண்டு, நம் கொல்லையைத் தரிசாக விட்டவர் ஆவோம்.

தரிசாக விட்டோம் என்பதற்குச் சான்று வேண்டுமா? 1947இலே நாடு விடுதலை பெற்றது என்கிறோம். கல்வராயன் மலையிலே ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976 வரை நீடித்தது. செங்கோட்டையிலே கொடியேறி ஏறத்தாழ முப்பதாண்டு கழித்துத்தான் இந்த மலைக்கு விடுதலை நடந்து வந்து சேர்ந்தது. சாலை இல்லாததால் சுற்றி வந்ததோ என்னவோ! 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலே நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பின்னர்த்தான் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் சாலையும் வாழ்வும் எப்படி இருக்கின்றன என்று வழக்கெடுத்துக் கேட்டது. அடிவாரத்திலே பிணங்கள் விழுந்தபோதுதான் மலை கண்ணுக்குத் தெரிந்தது!

இம்மலையின் மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இவர்கள் பேசுவது தமிழ். பழங்குடிப் பட்டியலிலே இவர்கள் பெயருக்கு அருகே ஓர் அடைப்புக்குறி உண்டு: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களிலே இருந்தால் பழங்குடி. தென் ஆற்காடு 1993இலே உடைந்தது. கள்ளக்குறிச்சி 2019இலே தனி மாவட்டமாயிற்று. ஆனாலும் அந்த மறைந்த மாவட்டத்தின் பெயரால்தான் நம் கோல் காக்கும் பெண்ணுக்குச் சான்றிதழ். ஈரோட்டின் பர்கூர் மலையிலே அவள் இனத்தாள் ஒருத்தி வாழ்ந்தால்? அடைப்புக்குறிக்குள் அந்த மாவட்டம் இல்லை. ஆகவே அவள் பழங்குடி இல்லை! ஒரே குடி, ஒரே பேச்சு, ஒரே வழிபாடு. மலை மாறியதும் மனிதர் மாறிவிட்டார்கள். ஃபிஃபாவின் விதி பாட்டியை நினைவு வைத்திருக்கிறது. நம் பட்டியல் பாட்டியையும் மறந்தது.

முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். அதே பழைய தென் ஆற்காட்டின் மறுமுனையிலே, கடலூரிலே, முடிந்திருக்கிறது. கடலூர் மாவட்டத்துப் பெண் இந்துமதி கதிரேசன் இந்தியாவின் நடுக்களத்திலே ஆடினார். தமிழ்நாடு காவல்துறையிலே உதவி ஆய்வாளரானார். 2018இல் கட்டாக்கிலே மணிப்பூரை 2–1 என்று வென்று தமிழ்நாட்டு மகளிர் முதன்முறையாகத் தேசியக் கோப்பையைத் தூக்கினார்கள். 2023இல் அமிர்தசரசிலே மீண்டும் தூக்கினார்கள். மணிப்பூரின் மலையும் சமவெளியும் எத்தனையோ ஆண்டு ஆண்ட கோப்பை அது. கடற்கரை மணலிலே முளைத்தது மலைச் சரளையிலே முளைக்காதா? பயிற்றுநர் ஒருவர், சமன் செய்த நிலம் ஒன்று, மாலை ஆட்டம் முடிந்து வீடு திரும்பப் பேருந்து ஒன்று, இவ்வளவுதான் கேட்கிறது. அந்தக் கடைசிப் பேருந்துதான் எல்லாவற்றையும்விடக் கடினம் என்று பள்ளி ஆசிரியர் சொன்னார். மாவட்டப் போட்டிக்குக் கீழே அழைத்துப் போனால் இரவு திரும்ப வழியில்லை. பெற்றோர் பெண்பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

வண்டி கிளம்பும் வேளையிலே அந்தப் பெண் ஓடிவந்தாள்.

"அண்ணா, கோல் கீப்பர் கிளவுசு கள்ளக்குறிச்சியில கிடைக்குமா?"

கிடைக்கும் என்றேன், பேச்சாளனுக்கே உரிய துணிச்சலோடு. இறங்கிவந்து கடைகடையாய் ஏறினேன். கிரிக்கெட் விக்கெட் கீப்பரின் கையுறை இருக்கிறது. அதுவும் பையன்கள் அளவு. கால்பந்துக்கு இல்லை. "யாரும் கேக்கறதில்லைங்க" என்றார் ஒரு கடைக்காரர். சென்னைக்கு வந்துதான் வாங்கினேன். வாங்கிய பிறகு நினைவுக்கு வந்தது, அளவு கேட்கவில்லை. ஆசிரியருக்குத் தொலைபேசினேன், மூன்றாம் நாள்தான் இணைப்புக் கிடைத்தது.

"அந்தப் பிள்ளை இப்ப இங்க இல்லைங்க ஐயா. அப்பா அம்மாகூட மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போயிருக்கு. சித்திரையிலதான் திரும்புவாங்க. தேர்வுக்காவது அனுப்பி வையுங்கன்னு சொல்லி விட்டிருக்கேன்."

கையுறை என் மேசைமீது, பாதி எழுதிய நாடகத்தின் பக்கத்திலே கிடக்கிறது. சித்திரை பிறந்ததும் கச்சிராயபாளையம் வழியாக மறுபடி மலையேறுகிறேன். அதற்குள் அவள் கை வளர்ந்திருக்கும் என்று ஓர் அளவு கூடுதலாகவும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.